காத்திருக்கும் கரையும் களைத்துப்போகும் உடலும்

சென்னைக்கு வடக்கே பொன்னேரியைக் கடந்து, திருப்பாலைவனத்தில் திருப்பாலீஸ்வரரைத் தரிசித்துவிட்டு மேலும் சில கல் தொலைவு சென்றால் காற்றில் உப்பு மணம் ஏறும். பழவேற்காடு நெருங்கிவிட்டது என்று பொருள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் விரிந்துள்ளது. தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆரணியாறு நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்க, முகத்துவாரத்தின் வழியே கடல் தன் உப்புநீரை உள்ளே அனுப்புகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் செழிக்கின்றன.

வெளியூர் அன்பர்கள் இங்கு வந்தால் ஆதிநாராயணப் பெருமாளைச் சேவிப்பார்கள். ஒல்லாந்தர் 1613-இல் எழுப்பிய கோட்டையின் எச்சத்தையும், அவர்தம் கல்லறைகளையும், பருவம் வாய்த்தால் பூநாரைகளையும் கண்டு திரும்புவார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் என்று ஏரியையும் கடலையும் ஒட்டி அமைந்திருக்கும் மீனவர் ஊர்களுக்குள் அவர்கள் நடந்து செல்வது அரிது. சென்றிருந்தால், அங்கே ஓயாமல் நடைபெறும் ஒரு செயல் கண்ணில் பட்டிருக்கும். அது காத்திருத்தல். காற்று தணியக் காத்திருப்பார்கள். நீர் ஏறக் காத்திருப்பார்கள். கடலுக்குப் போன மகன் திரும்பக் காத்திருப்பார்கள். விலை பேச வியாபாரி வரும்வரை காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு மனத்தோடு நின்றுவிடுவதில்லை. நரம்பு வழியே இறங்கி இதயத்தையும் குடலையும் இரத்தக் குழாய்களையும் தொடுகிறது. கடலைக் காணாத நம் இல்லங்களிலும், அயல்நாட்டிலிருக்கும் பிள்ளையின் தொலைபேசி அழைப்புக்காகவோ மருத்துவமனையிலிருந்து வரவேண்டிய முடிவுக்காகவோ காத்திருக்கும் முதியோருக்கு நேர்வதும் இதுவே.

விஜயனின் வாய் உலர்ந்தது ஏன்?

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். எதிரணியில் பாட்டனாரையும் ஆசாரியரையும் உறவினரையும் கண்ட அர்ஜுனன், தன் நியாயங்களை விரிவாக எடுத்துரைக்கும் முன்பே தன் உடலுக்கு நேர்வதைச் சொல்லத் தொடங்குகிறான். அவயவங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, மேனி நடுங்குகிறது, மயிர்க்கூச்செறிகிறது, தோல் எரிகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது. பாராயணம் செய்யும்போது இந்த இடத்தை நாம் விரைந்து கடந்து, பகவானின் உபதேசத்துக்குப் போய்விடுகிறோம். சற்று நின்று பார்த்தால், இன்றைய மருத்துவர் ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதக்கூடிய அறிகுறிகளின் வரிசை அது.

ஆபத்தைக் கண்கள் கண்டதும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் விழித்துக்கொள்கிறது. நம் விருப்பத்தைக் கேளாமல் தானே இயங்கும் நரம்பு மண்டலத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று பரிவு நரம்புகள்; மற்றொன்று எதிர்ப்பரிவு நரம்புகள். தேருக்குக் குதிரையும் கடிவாளமும் போல என்று கொள்ளலாம். ஆபத்தில் பரிவு நரம்புகள் பாய்கின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் சொரிகின்றன. இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. ஓட வேண்டிய வேளையில் உண்டதைச் செரிப்பது அவசரமன்று என்பதால் குடல் மந்தமாகிறது. உமிழ்நீர் குறைகிறது. அர்ஜுனனின் வாய் உலர்ந்தது இதனால்தான்.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் இந்நிலையைப் 'போரிடு அல்லது ஓடு' என்னும் பொருள்படும் தொடரால் குறித்தார். உடல் இவ்விரண்டுக்குமே ஆயத்தமாகிறது. அர்ஜுனனோ போரிடவும் மனமின்றி, ஓடவும் வழியின்றித் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்டான். கரையில் நிற்கும் தாய்க்கும் அதே நிலைதான். மகனின் படகு வரும் நேரம் கடந்துவிட்டது. அவள் யாரோடு போரிடுவாள்? எங்கே ஓடுவாள்? உடல் திரட்டித் தந்த வலிமை முழுவதும் செலவாக வழியின்றி உள்ளேயே சுழல்கிறது.

படகு கண்ணில் பட்டுவிட்டால் கதை மாறும். 'அப்பாடா' என்று ஒரு நெடுமூச்சு. மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பு எதிர்ப்பரிவு மண்டலத்தின் முதன்மையான கடிவாளம். அது இழுத்துப் பிடிக்க, இதயம் தணிகிறது, பசி திரும்புகிறது, அன்றிரவு உறக்கம் வருகிறது. இதில் கேடு ஒன்றுமில்லை. வரும், போகும் என்னும் அச்சத்தைத் தாங்கவே நம் உடல் அமைந்திருக்கிறது. மீனவர் குலத்துக்குப் புயல் புதிதன்று.

போகாத அச்சம்தான் உடலைத் தேய்க்கிறது.

மணி ஓயாத காவற்கூடம்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்துவந்த ஹான்ஸ் செல்யே என்பவர் 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் எழுதினார். எலிகளைக் குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சு எனப் பல வகையில் வருத்திப் பார்த்தார் அவர். வருத்தும் காரணம் எதுவாயினும் உடலில் நேர்ந்த மாற்றங்கள் ஒன்றுபோலவே இருந்தன. அட்ரினல் சுரப்பிகள் வீங்கின. நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கியது. இரைப்பையில் புண்கள் தோன்றின. முதலில் அதிர்ச்சி, பின்பு தாக்குப்பிடித்தல், இறுதியில் களைப்பு என மூன்று படிகளை அவர் வகுத்தார். இன்று வீட்டுக்கு வீடு 'ஸ்ட்ரெஸ்' என்று பேசுகிறோமே, அச்சொல் மருத்துவத்தில் வேரூன்றியது அவரது உழைப்பால்தான்.

நெடுங்கால நெருக்கடியில் முதன்மைப் பங்கு கார்டிசால் என்னும் சுரப்புக்கு உரியது. ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்கும், பிட்யூட்டரி அட்ரினலுக்கும் ஆணையிட, கார்டிசால் வெளிப்படுகிறது. இயல்பாக இது விடியலில் உயர்ந்து நம்மை எழுப்பும். இரவில் தாழ்ந்து உறங்கவிடும். போதிய அளவு சுரந்தபின் அதுவே மூளைக்குச் சென்று 'போதும்' என்று அறிவிக்கும். கவலை மாதக்கணக்கில் நீடித்தால் அந்தப் 'போதும்' மூளையின் செவியில் விழாமற்போகலாம். காவற்கூடத்தின் அபாய மணி இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருக்கிறது. புரூஸ் மெக்ஈவன் என்ற நரம்பியல் அறிஞர் 1993-இல் தம் சக ஆய்வாளரோடு இதனை உடலின் தேய்மானச் சுமை என்னும் பொருளில் விளக்கினார்.

அந்தச் சுமை எங்கெங்கு தெரியும்? இரத்த அழுத்தம் இறங்க மறுக்கும். கல்லீரல் ஓயாது சர்க்கரையை விடுவிப்பதால் நீரிழிவு உள்ளவர்க்கு மாத்திரை போதாமற்போகும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புப் படியும். உறக்கம் வந்தாலும் பின்னிரவில் கலைந்துவிடும். கழுத்தும் தோளும் இறுகும். நினைவைப் பதிவுசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி கார்டிசாலுக்கு மிகவும் இலக்காவது. கவலையில் ஆழ்ந்த முதியவர் சாவியை வைத்த இடம் மறப்பதை உடனே மறதி நோய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. மருத்துவரிடம் காட்டி வேறுபாடு அறிவது நலம்.

புண் ஆறுவதும் தாமதமாகும். அமெரிக்காவின் ஒஹையோவில் செய்யப்பட்டு 1995-இல் வெளியான ஓர் ஆய்வு, மறதி நோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்களின் கையில் அளவான சிறு காயம் ஒன்றை உண்டாக்கிக் கவனித்தது. அத்தகைய பொறுப்பு இல்லாத பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆறுவதற்கு ஏறத்தாழ 9 நாட்கள் கூடுதலாகின. வலையின் நரம்பும் மீன்முள்ளும் கையைக் கிழிப்பது அன்றாட நிகழ்வாகவுள்ள குப்பங்களில் இச்செய்தியின் எடை புரியும். படுக்கையிலிருக்கும் கணவருக்கோ மாமியாருக்கோ ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்யும் நம் சகோதரியர்க்கும் இது பொருந்தும். தொண்டு புண்ணியமே. தொண்டு செய்பவரின் உடலையும் யாரேனும் ஒருவர் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. ஜப்பானிய மீனவர்கள் கடலடியில் பானைகளை இறக்கி ஆக்டோபஸ் பிடிப்பார்கள். கழுத்துக் குறுகி அடி பெருத்த அந்தப் பானைக்கு 'டக்கோட்சுபோ' என்று பெயர். பெருந்துயரமோ அதிர்ச்சியோ தாக்கியபோது சிலருடைய இதயத்தின் இடக் கீழறை அதே பானை வடிவில் உப்பிவிடுவதை அந்நாட்டு மருத்துவர்கள் கண்டு, 1990-இல் அப்பெயரையே நோய்க்கும் இட்டனர். பெரும்பாலும் 50 வயதைக் கடந்த பெண்களுக்கே இது நேர்கிறது. மாரடைப்பு போலவே நெஞ்சு வலிக்கும், மூச்சு வாங்கும். பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆயினும் இது அதுவா, மாரடைப்பா என்று வீட்டிலிருந்தபடி அறிய இயலாது. துக்க வீட்டில் பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால் 'அழுத களைப்பு' என்று விட்டுவிடாமல் 108-ஐ அழையுங்கள்.

பாடு என்னும் சொல்

தமிழில் 'பாடு' என்ற சொல் நுட்பமானது. படும் துன்பமும் பாடு; உழைப்பும் பாடு; வலையில் கிடைத்ததும் மீன்பாடு. பழவேற்காட்டில் இச்சொல்லுக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. ஏரியில் வலை போடுவதற்குரிய நல்ல இடங்கள் சில. விரும்பும் குடும்பங்களோ பல. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாட்டைப் 'பாடு' என்று அழைக்கிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர்பெற்றவை. இன்று வளமான இடம் பெற்றவர் மறுமுறை வேறிடம் செல்வார். இன்று வாய்க்காதவருக்கு அவர் முறை வரும். இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதையொத்த சீட்டு முறை வழங்கி வந்திருக்கிறது.

இம்முறையை மீன்வள அறிஞர்கள் பொதுச்சொத்தைக் காக்கும் வழியாகப் போற்றுகிறார்கள். அது சரியே. எனக்கு அதில் வேறொரு நன்மையும் தெரிகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜே வைஸ் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி தரப்பட்டது. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன் ஓர் ஒலி எச்சரித்தது. மற்றொன்றுக்கு எச்சரிக்கை ஏதுமில்லை. எச்சரிக்கை கேட்ட எலிக்கு இரைப்பைப் புண் வெகுவாகக் குறைந்திருந்தது. பட்ட துன்பம் இரண்டுக்கும் ஒன்றே. எப்போது வரும் என்று தெரிந்ததால், வராத நேரங்களில் ஒன்றின் உடல் ஓய்வெடுத்தது. மற்றதற்கு ஓய்வே கிட்டவில்லை.

பாடு முறை மீனவருக்கு அப்படியோர் ஓய்வைத் தந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எத்தனை மீன் கிடைக்கும் என்பது யாருக்கும் தெரியாது. அது கங்கையம்மனின் கருணை. என் முறை எப்போது என்பது தெரியும். முறை இல்லாத நாளில் வலையைச் செப்பனிடலாம், கோயிலுக்குப் போகலாம், உறங்கலாம். பக்கத்து வீட்டாரோடு போட்டியிட்டு இருளில் முந்தி ஓட வேண்டியதில்லை. இம்முறையில் குறை இல்லாமலில்லை. பிறப்புரிமை பெற்ற குடும்பங்களுக்கே அதில் இடம். உரிமையற்ற ஏனையோர் வெளியே நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். அவர்களுடைய மனப்பாரம் தனி.

பிற்காலத்தில் சேர்ந்தவை அனைத்தும் முறைக்கு அடங்காத துன்பங்கள். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகிறது. மூடினால் கடலிலிருந்து இறால் குஞ்சுகள் ஏரிக்குள் வாரா. ஏரியிலிருந்து படகுகள் கடலுக்குப் போகா. அதை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது இம்மக்களின் நெடுநாள் கோரிக்கை. எதிரேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவிப்பு வரும். ஏவும் நாள் தள்ளிப்போனால் அறிவிப்பும் தள்ளிப்போகும். நாடு பெருமைப்படும் அத்தருணத்தின் மறுபுறத்தில் ஒரு நாள் கூலி இல்லாத அடுப்பும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தொட்டது. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் எனப் புயல்கள். மிக்ஜாமின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, வடகரையோர மீனவர்கள் பிடித்த மீனை வாங்கவும் மக்கள் தயங்கினர்.

இவற்றுள் எதற்கும் சீட்டுக் குலுக்க முடியாது. எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரியாத இக்காத்திருப்பில், எச்சரிக்கை ஒலி கேளாத அந்த எலியின் நிலைக்கு மனித உடல் தள்ளப்படுகிறது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் தவணை தவறாமல் வருகிறது. இத்தகையவரிடம் 'மனத்தைத் தளரவிடாதே' என்று அறிவுரை கூறுவது எளிது. அவர்களின் மனம் தளர்வதற்கு முன்பே மணல் மேடிட்டிருக்கிறது. முகத்துவாரத்தைத் தூர் எடுப்பதும் ஒருவகை மருத்துவம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாமமும் மூச்சும், மாத்திரையும்

இனி நம் வாசகர்கள் கேட்கக்கூடிய வினா. இறைநாமம் இதற்கு உதவுமா?

உதவும், எவ்வாறு என்பதும் ஓரளவு அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் 2001 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. 23 பேரை இலத்தீன் ஜபமாலைப் பிரார்த்தனையையும், ஒரு யோக மந்திரத்தையும் ஓதச் செய்து கவனித்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 முறையாக நிதானப்பட்டது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அம்மூச்சின் தாளத்தோடு இசைந்தன. அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் பிடி வலுப்பட்டு இதயம் சற்றுத் தணிகிறது. விஷ்ணு ஸஹஸ்ரநாமத்தையோ லலிதா ஸஹஸ்ரநாமத்தையோ அவசரமின்றி ஓதுபவர், தம்மை அறியாமலேயே நெடிய வெளிமூச்சைப் பழகிக்கொண்டிருக்கிறார். 'அவசரமின்றி' என்பது இங்கே முக்கியம். பால்காரர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விரையும் பாராயணத்தில் நாமத்தின் பலன் உண்டு. மூச்சின் பலன் ஐயத்துக்குரியது.

இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மூச்சை வலிந்து அடக்கும் கும்பகத்தைத் தாமாகத் தொடங்க வேண்டாம். மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுவது போதும். நித்திய பூஜைக்கு ஒரே வேளை, உணவுக்கு ஒரே வேளை, உறக்கத்துக்கு ஒரே வேளை என்னும் பழைய நியமங்களும் வெறும் கட்டுப்பாடுகள் அல்ல. நாளின் சில நாழிகைகளையேனும் எதிர்பார்க்கத்தக்கதாக ஆக்குகின்றன. மாலை வேளையில் பிராகாரத்தை வலம்வருவது நடைப்பயிற்சி மட்டுமன்று. நான்கு பேர் நம்மைப் பார்த்து 'நேற்று ஏன் காணோம்?' என்று கேட்கும் இடம் அது. தனித்திருக்கும் முதியோருக்கு அந்தக் கேள்வியே பாதி மருந்து.

மீதிப் பாதிக்கு மருந்தே வேண்டும். ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் உபவாசம் இருப்போர் சிலர் அன்று மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். இரத்த அழுத்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குவதால் விரதம் பங்கப்படாது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உபவாசத்துக்கு முன்பே மருத்துவரைக் கலந்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் வழக்கமான அளவைக் கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கடற்கரை ஊர்களில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மீன் கிடைக்காத நாட்களில் கஞ்சிக்குக் கருவாடே துணை. ஏற்கெனவே கவலையால் ஏறியிருக்கும் அழுத்தத்தை அதன் உப்பு மேலும் ஏற்றும். நம் இல்லத்து ஊறுகாயும் வடாமும் அப்பளமும் அதே கணக்கில்தான் சேரும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. பேருந்துக்குக் காத்திருந்து மருத்துவமனை செல்ல இயலாத முதியோர், தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். உறக்கமின்மை, காரணமற்ற படபடப்பு, எதிலும் நாட்டமின்மை, வாழ்ந்தது போதும் என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதைக் கர்மவினை என்று சொல்லி மூடிவைக்க வேண்டாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எண்ணைப் பூஜையறை நாட்காட்டியின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்; கண்ணாடி இல்லாமலும் படிக்கும்படி.